பேர் வேண்டாம், படி போதும்

1.
இந்தக் கதை ஒரு பலகையிலிருந்து பிறந்தது. 'ஆழம். குளிக்காதீர்.' ஸ்ரீரங்கத்துக் காவிரிக் கரையில், படித்துறைக்கு அரை மைல் கிழக்கே, ஈ காக்கை இறங்காத புதருக்குள் நின்றது. (வருஷம் 1958 என்று வைத்துக்கொள்வோம்.) அங்கே யார் குளிக்கப் போகிறார்கள்?

2.
முதல் வரைவு: 'ஆடி வெள்ளம். பூக்காரி காளியாயி படியில் வழுக்கி விழுந்து, ஐயோ என்று கத்தக்கூட...'

நிறுத்திவிட்டேன். எடுத்த எடுப்பிலேயே ஆளைக் கொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

3.
மறுபடியும். படித்துறைக் காவலர் மீரான், காளியாயியைக் கூந்தலைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். அவள் தண்ணீரைக் கக்கி முடிக்குமுன் நோட்டை எடுத்துவிட்டார்.

அவருக்கு அவசரம். ஆபீஸ் நோட்டில் செத்தவர் பேருக்கும் உடல் கிடைத்த இடத்துக்கும்தான் கட்டம் உண்டு. விழுந்த இடத்துக்குக் கிடையாது. அதனால்தான் பலகை, உடல்கள் ஒதுங்கும் புதரில் போய் நின்றது. பதினெட்டாம் பெருக்குக்கு ஒன்பது நாள். அன்று ஊரே ஆற்றில் இறங்கும். அதற்குள் பலகை இங்கே வந்தாக வேண்டும்.

"பேரென்னம்மா? எந்தப் படியில வழுக்குச்சு?"

"ஐயோ பாய், உசிரோட இருக்கிறவ பேர சாவு நோட்டுல எழுதுவீங்களா?"

(இதற்குமுன் அவர் காப்பாற்றிய பதினோரு பேரும் இப்படிச் சொல்லித்தான் பேர் தராமல் ஓடினார்கள். காளியாயி என்பதும் நான் வைத்த பேர்தான். என்னிடமும் அவள் சொல்லவில்லை.)

மீரான் கடைசித் தாளைக் கிழித்தார். "இது பொழச்சவங்க தாளு. பேரு வேணாம். படிய மட்டும் சொல்லும்மா."

அவள் மேலிருந்து எண்ணினாள். "ஏழாவது. பாதிக் கல்லு பேந்து கெடக்கு, பாய்." பிறகு கரையில் கூடிவிட்ட பூக்கூடைக்காரிகள் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, போன வருசம் நீ எங்கடி விழுந்தே?"

தாளில் ஏறியது: ஏழு. ஏழு. ஆறு. ஏழு.

4.
"பேரில்லாம என்ன ரிப்போர்ட்டு, பாய்?" என்றார் ஆபீஸ் குமாஸ்தா அற்புதசாமி. "அதுவும் நாலே நாலு. மேல அனுப்ப முடியாதுங்க."

"ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்வாங்க சார். ஆத்துல விழுந்ததையும் அளக்கணும்ல? இன்னும் எழுதிட்டு வரேன். பலகை வர்ற வரைக்கும் ஏழாம் படியில நாந்தான் பலகை."

5.
முடிவு ஒன்று: பலகை வந்தது. (பொய். எனக்குத் தெரியாது.)

முடிவு இரண்டு: பெருக்கன்று ஒரு...

இல்லை. எழுதமாட்டேன். மீரான் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார். தாளில் இடம் நிறைய இருக்கிறது. நீங்களும் எங்கோ ஒருமுறை வழுக்கிப் பிழைத்திருப்பீர்கள். வெட்கப்படாதீர்கள். பேர் வேண்டாம்.

எந்தப் படி?

............