சூடு பட்ட கோதுகள்

கர்க்லாண்டில் இருக்கும் தன் வீட்டுக் கராஜில், லைட்டை அணைத்துவிட்டுத்தான் ரதீசன் அந்த வேலையைச் செய்வான். சுட்டு முடித்த துவக்குத் தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளில் திரும்ப வெடிமருந்து நிரப்பிப் பாவிப்பதென்றால் அவற்றின் கழுத்தைச் சூடு காட்டி இளக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலைந்து தரம் சுட்டதும் கழுத்து பிளந்துவிடும். காஸ் சுவாலையில் கழுத்து மங்கலாய் நிறம் மாறும் கணத்திலேயே தண்ணீர் வாளிக்குள் தட்டிவிட வேண்டும். அந்த நிறம் இருட்டில்தான் தெரியும். அடிப்பாகத்துக்குச் சூடு இறங்கவே கூடாது. வெடிக்கும்போது அமுக்கத்தைத் தாங்கிப் பிடிப்பது அடிதான். அது இளகிப்போன கோதைக் குப்பையில்தான் போட வேண்டும்.

அன்று அவன் கண் சுவாலையில் இல்லை, போனில் இருந்தது. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் நடந்த பிறந்தநாள் விழா வீடியோவை யாரோ அனுப்பியிருந்தார்கள். வேட்டைக்குக் கூடப் போகும் றொக்சன் அதில் கேக் வெட்டும் கத்தியைத் துவக்குப் போலப் பிடித்துக்கொண்டு கைகால் உதற நின்றான். போன வருடம் மூஸ் மான் ஒன்று எதிரில் வந்து நின்றபோது ரதீசன் நடுங்கிக் குறி தவறியதையும், பிறகு தான் ஒரே வெடியில் விழுத்தியதையும் நடித்துக் காட்டினான். மண்டபமே சிரித்தது. ரதீசனின் மனைவி அஜிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதும் அதில் தெரிந்தது.

கோதுகளைத் துவாயில் உலர்த்திக்கொண்டிருந்த அஜிதா நிமிர்ந்தாள்.

"இஞ்சேருங்கோ, அடிவரைக்கும் சிவந்துபோச்சு. கையில இருக்கிறதையாவது எடுங்கோ."

அவன் எடுத்தான். அதற்கு முன் வாளிக்குள் விழுந்தவையும் அப்படித்தான் கருகிக் கிடந்தன. "ஓம், எறியத்தான் வேணும்" என்று அவற்றை ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் போட்டான்.

அடுத்த வாரம் அந்த ரின் மேசையில் திறந்திருந்தது. ரதீசன் அந்தக் கோதுகளுக்கு மருந்து நிரப்பிக்கொண்டிருந்தான்.

"அது பழுதெல்லோ?"

"றொக்சனுக்கு. அவன் கேட்டவன்."

"உங்களுக்கு விசரே? கோது வெடிச்சுச்செண்டால்?"

"ஒண்டும் நடக்காது. முகத்தில கொஞ்சம் புகை அடிக்கும். அவனும் ஒருக்கா நடுங்கிப் பாக்கட்டும்." அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீயும் அண்டைக்கு நல்லாச் சிரிச்சனி. வேணுமெண்டால் அவனுக்குச் சொல்லு. பேந்து நீ எங்க போய் இருப்பாய் எண்டதையும் யோசிச்சு வை."

வெள்ளிக்கிழமை பின்னேரம் றொக்சன் வந்தான். அஜிதா சுட்டு வைத்த மீன் ரோல்ஸில் இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, "அக்கா, மான் இறைச்சியோட வாறன்" என்றான். ரதீசன் தோட்டாப் பெட்டியை அவன் கையில் கொடுத்தான். அஜிதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரதீசன் அவளைப் பார்த்தான். அவள் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெளியே ஆண்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு கார் கிளம்பிப் போகும்வரை அது ஓடிக்கொண்டிருந்தது.

மொன்-லொறியேக்கு அப்பால் காட்டில் சனிக்கிழமை காலை மான் வந்தது. றொக்சன் துவக்கை உயர்த்தியதும் ரதீசன் பின்னால் நகர்ந்து ஒரு பைன் மரத்தோடு ஒட்டி நின்றான்.

"ஏன் அண்ணை அங்க போறியள்?" என்று மெல்லிய குரலில் கேட்டான் றொக்சன்.

"நீ அடி."

கோதின் அடி பிய்ந்தது. புகையும் பித்தளைத் துண்டுகளும் துவக்கின் பின்பக்கத்தால் றொக்சனின் முகத்தில் பாய்ந்தன. அவன் முழங்காலில் விழுந்து, "அண்ணை, லைட் இல்லை, லைட் இல்லை" என்று கத்தினான். ரதீசன் அவனைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். அன்றிரவே சொந்தக்காரர் எல்லோரும் ரதீசனுக்குப் போன் எடுத்து, உன்னால்தான் பொடியன் உயிர் தப்பினான் என்று நன்றி சொன்னார்கள். அவனும் எல்லோருக்கும் பதில் சொன்னான்.

றொக்சனுக்கு வலது கண் போயிற்று. இடது கண்ணைப் பற்றி டொக்டர்மார் ஒன்றும் சொல்லவில்லை.

விசாரிக்க வந்த பொலிஸ்காரியிடம் ரதீசன் பிரெஞ்சில் பேசினான். கோதுகளைச் சூடாக்குவது என் மனைவியின் வேலை, அவளுக்கு அது சரியாகத் தெரியாது, பாவம் என்றான். கார்டரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு பிரெஞ்சு கதைக்கிற அஜிதா பக்கத்தில்தான் இருந்தாள். இவ்வளவு வருடத்தில் அவளுக்கு அந்தப் பாஷை எவ்வளவு விளங்கும் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. பொலிஸ்காரி அவள் பக்கம் திரும்பி, "இது உண்மையா?" என்றாள்.

"இல்லை" என்றாள் அஜிதா. நடந்ததைத் தொடக்கத்திலிருந்து பிரெஞ்சிலேயே சொன்னாள். ரதீசன் தமிழில் ஏதோ கத்தினான். அவள் நிறுத்தவில்லை.

துவக்குகளைக் கொண்டுபோனார்கள். பிறகு அவனையும் கொண்டுபோனார்கள். புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று அவனுடைய தமக்கை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். அஜிதா நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு சின்ன அப்பார்ட்மெண்டுக்கு மாறினாள். அங்கிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்துவிட்ட றொக்சனைப் பார்க்கப் போனாள்.

கதவைத் திறந்தது அவன் மனைவி மாக்கிரட்.

"அக்கா, ஒண்டு மட்டும் கேக்கிறன். உங்களுக்கு எப்ப தெரியும்?"

"றொக்சன் வந்து பெட்டியை வாங்கேக்கையே தெரியும்."

மாக்கிரட் அவளுடைய கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். ஜன்னலோரம் றொக்சன் கதிரையில் இருந்தான். இடது கண்ணில் கட்டு. வலது கண் இருந்த இடத்தில் தோல் மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. கன்னம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். அஜிதா தலையைத் திருப்பினாள். மாக்கிரட் அவள் நாடியைப் பிடித்து முகத்தை அவன் பக்கம் திருப்பி அப்படியே வைத்திருந்தாள்.

றொக்சன் சத்தம் வந்த பக்கம் காது கொடுத்தான். "ஆர் மாக்கிரட் வந்தது? ரதீசன் அண்ணையோ?"

ரதீசன் செய்ததை அவனுக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அஜிதாவுக்கு விளங்கியது.

"ஒருத்தரும் இல்லை" என்றாள் மாக்கிரட்.