இடம் போன அன்னங்கள்

எனக்கு வாய் நீளம் என்று ஆண்டிபட்டிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். தறியில் உட்கார்ந்தால் என் கையும் நீளம்தான், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எழுபத்து நாலாம் வருஷம் என் மகன் சண்முகராஜுக்குக் கம்பத்தில் பெண் முடிவானபோது, கூறைச் சேலையைக் கடையில் எடுக்க மாட்டேன், நானே பட்டில் நெய்வேன் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோகிற சேலை அது. அதைக் கட்டிக்கொண்டுதான் பெண் தாலி வாங்குவாள். நெசவுக்காரி வீட்டுக்கு வருகிறவள், எவனோ நெய்ததைக் கட்டிக்கொண்டு வருவதா?

"ஏ சந்தனம், பொண்ணு வீட்டுக்காரக திராட்சை வியாபாரிக. காஞ்சிபுரம் பட்டை எதிர்பாப்பாக," என்றார் என் வீட்டுக்காரர் ராக்கையா.

"எதிர்பாக்கட்டும். காஞ்சிபுரத்துக்காரனுக்கு மட்டும் என்ன நாலு கையா?"

கரைக்கு என்ன போடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் கருவறைச் சுவரின் அடிவரிசையில் சுற்றிலும் அன்னங்கள் செதுக்கியிருக்கும். அலகில் பூங்கொடியைக் கவ்விக்கொண்டு ஒன்றன் பின் ஒன்றாக, நாம் வலம் வரும்போது நம்மோடு கூடவே வலம் வரும். கல்யாணமும் அந்தக் கோயிலில்தான். கல்லின் மேல் காகிதத்தை ஒட்டி வைத்து அடுப்புக்கரியால் தேய்த்து ஓர் அன்னத்தை எடுத்தேன். "சாமி சுவத்துல என்னத்தா கரியப் பூசுற?" என்று பூசாரி சத்தம் போட்டார். "சாமி வீட்டுப் பறவைக்குச் சம்பந்தம் பேச வந்திருக்கேன்," என்றேன். மனுஷன் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

கல்லில் இருப்பது நூலில் அப்படியே வந்துவிடாது. கல்லில் வளைவு வழுக்கிக்கொண்டு போகும். நூலில் கட்டம் கட்டமாகத்தான் ஏறும். கட்டம் போட்ட தாளில் நான் முதலில் வரைந்த அன்னம் வான்கோழி மாதிரி இருந்தது. இவர் சிரித்த சிரிப்பில் ஆத்திரம் வந்து தாளைக் கிழித்துப் போட்டேன். மறுபடி உட்கார்ந்து கழுத்தை மெலிதாக்கினேன். வாலில் இருந்த சுருள்களைக் குறைத்தேன். பூங்கொடியை ஒற்றை மொட்டாக்கினேன். அப்புறம்தான் அது எழுந்து நடந்தது. இவர் சிரிப்பை விட்டுவிட்டு அதைப் பார்த்தே அட்டைகளில் துளை அடித்து, தறிக்கு மேலே, துளைக்குத் தக்கபடி நூலைத் தூக்கிவிடும் ஜக்கார்டு பெட்டியில் ஏற்றினார். சேலையின் இரண்டு கரையிலும் அன்னம் ஓரத்தில் கால் ஊன்றி நிற்கும். எந்தக் கரை கீழே வந்தாலும் தலைகீழாகாது.

எங்கள் தறியில் சேலையின் நல்ல பக்கம் அடியில்தான் விழும். நெய்கிறவள் கண்ணுக்குத் தெரிவது பின்பக்கம். அதனால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணிக்குக் கீழே நீட்டி அவ்வப்போது பார்த்துக்கொள்வோம். நானும் பார்த்தேன். கோயிலில் எந்தப் பக்கம் போகின்றனவோ அதே பக்கம் போய்க்கொண்டிருந்தன என் அன்னங்கள். அம்மாடி, அந்தப் பூரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பேன்!

கல்யாணத்தன்று காலையில் தட்டில் வைத்துக் கொடுத்திருந்தால் பேசாமல் போயிருக்கும். என் வாய் விடுமா? கம்பத்துச் சனம் முழுவதையும் கருவறைச் சுவருக்குப் பக்கத்தில் கூட்டி வைத்து, "இங்கன வாங்க. கல்லையும் பாருங்க, என் கரையையும் பாருங்க!" என்று சேலையை விரித்துச் சுவரோடு சேர்த்துப் பிடித்தேன்.

எல்லோரும் "அடேயப்பா" என்றார்கள். பெண்ணின் சின்னம்மா கருத்தம்மாள் மட்டும் குனிந்து பார்த்தாள்.

"ஏன் மதினி, கல்லுல உள்ள அன்னம் அங்கிட்டுப் போகுது. சேலையில உள்ளது இங்கிட்டுல்ல வருது?"

பார்த்தேன். கல்லுக்கு எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தது என் அன்னவரிசை. கண்ணாடி இடம் வலம் மாற்றிக் காட்டும் என்பது தெரியாதவளா நான்? ஆனால் அதுவரை நெய்ததெல்லாம் ருத்திராட்சமும் கோபுரமும் வைரக்கட்டமும். அவற்றுக்கு ஏது இடம், ஏது வலம்? நடக்கிற உருவம் என் தறியில் ஏறியது அதுதான் முதல் தடவை.

"இதைக் கட்டுனா அன்னமெல்லாம் பிள்ளையச் சுத்தி இடமாப் போகும். எழவு வீட்டுலதான் இடஞ்சுத்துவாக," என்றாள் கருத்தம்மாள். "எதுக்கும் இருக்கட்டும்னு காஞ்சிபுரம் ஒண்ணு கொண்டாந்திருக்கோம். அதைக் கட்டட்டும்."

இவர் என் முகத்தைப் பார்க்காமல் மேளக்காரர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். சேலையை மடிக்கத் தொடங்கினேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெண் சொர்ணலதாவே வந்து என் கையைப் பிடித்தாள்.

சொர்ணலதா சேலையை வாங்கினாள். முந்தானை இருந்த பக்கத்தை மறுபக்கத்துக்குக் கொண்டுபோய், மேலே இருந்த கரை கீழே வரும்படி திருப்பி, நல்ல பக்கம் வெளியிலேயே இருக்க மறுபடி சுவரோடு பிடித்தாள். கல் அன்னமும் பட்டு அன்னமும் ஒரே பக்கம் நடந்தன.

"இப்பிடிக் கட்டுனா வலமாப் போகும்," என்றாள்.

"கூறு கெட்டவளே! அப்பிடிக் கட்டுனா முந்தானை வலது தோளுக்குல்ல வரும்?"

"எனக்கு அந்தத் தோளுதான சின்னம்மா வரும்?"

கருத்தம்மாள் முகம் வெளுத்துப்போனது. "ஏய், வாயை மூடுடி" என்று பல்லைக் கடித்தாள். அந்தப் பிள்ளை மூடவில்லை. என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"நான் இடதுகைக்காரி, அத்தே. பொண்ணு பாக்க வந்தப்போ சொல்ல விடலை. இடது கையில சோறு எடுத்தா அடி, வலது தோள்ல முந்தானை போட்டா அடி. இன்னைக்கும் இடது தோள்லதான் போடணும்னு சத்தியம் வாங்கித்தான் கூட்டியாந்தாக. இந்தச் சேலையைப் பாத்தா எனக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்கு."

எல்லாக் கண்ணும் என் மேல் இருந்தது. மறைத்துக் கட்டிவைக்கப் பார்த்தார்களே என்று நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் கல்யாணம் அங்கேயே நின்றிருக்கும்.

தப்பு என்று நான் மடிக்கப் போனதை, தன்னுடையது என்று எடுத்துக்கொண்டாளே!

"போய்க் கட்டிட்டு வாடி, என் ராசாத்தி. உனக்கு எந்தத் தோள் வருமோ அந்தத் தோள்ல போடு."

கட்டிக்கொண்டு வந்தாள். தாலி ஏறியதும் இரண்டு பேரும் கருவறையைச் சுற்றி வந்தார்கள். சுவரில் கல் அன்னங்கள் வலம் போயின. என் மருமகள் காலடியில் பட்டு அன்னங்கள் வலம் போயின. நான் மூக்கைச் சிந்திக்கொண்டே, "பாருங்க, பாருங்க" என்று பக்கத்தில் நின்றவர்களை இடித்துக்கொண்டிருந்தேன். என்னை விடப் பெருமைக்காரி அன்றைக்கு வைகை அணைக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

பந்தியில் கருத்தம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாயசம் வந்ததும் என் பக்கம் சாய்ந்தாள்.

"மதினி, அந்தக் கரையில எனக்கும் ஒண்ணு நெய்ஞ்சு தரணும்."

"நெய்யிறேன். ஆனா உங்களுக்கு அட்டையைத் திருப்பி அடிக்கணும்," என்றேன். "இந்த அட்டை இடதுகைக்காரிகளுக்கு மட்டுந்தான்."