ஐந்து நிமிடம் முன்னால் போகிறவள்

சண்முகலதா எங்கே போனாலும் அவளுடைய கடன் வரலாறு ஐந்து நிமிடம் முன்னதாகவே அங்கே போய்ச் சேர்ந்துவிடும். கோவில்பட்டியில் கடன் வாங்கிய எல்லோருக்கும் அப்படித்தான். வரலாறு முதலில் உள்ளே போகும். சொல்ல வேண்டியதைச் சொல்லும். பிறகு வெளியே வந்து வாசலோரம் நிற்கும். ஆள் வந்து சேர்ந்ததும் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடும்.

சண்முகலதாவின் வரலாறு ஒல்லியான ஒரு பெண்மணி. தோளில் ரெக்சின் பை, வெயிலுக்கு முக்காடு, அதிகம் பேசாத சுபாவம். பல வருடங்களாக அவளிடம் சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது: "வாங்கின கடன்ல ஒரு தவணைகூடத் தப்புனதில்லை." அதனால் சண்முகலதா ஜவுளிக்கடைக்குள் நுழையும்போது நாற்காலி தயாராக இருக்கும். குடிக்க ஒரு பாட்டில் கலர் வைத்திருப்பார்கள்.

அவள் தாலுகா ஆபீசுக்கு எதிரே 'பிருந்தா ஜெராக்ஸ்' என்று கடை வைத்திருந்தாள். பிருந்தா அவள் மகளின் பெயர். ஆதார் நகல், பட்டா நகல், சாதிச் சான்றிதழ் நகல் என்று கூட்டத்துக்குக் குறைவில்லை. கலரிலும் எடுத்துத் தரலாமே என்று மார்க்கெட் ரோட்டு வங்கியில் கடன் வாங்கி ஒரு கலர் மெஷின் போட்டாள். அடுத்த மாதமே தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு இறக்கிக்கொண்டிருந்த அவள் கணவன் வேலாயுதம் முதுகு பிசகி விழுந்தான். ஆபரேஷன் ஆயிற்று. ஒன்பது மாதம் படுக்கை. பத்துத் தவணை நின்றுபோனது.

வரலாறு தன் வாக்கியத்தை மாற்றிக்கொண்டது. "பத்து மாசமாத் தவணை கட்டலை. வீட்டுக்காரருக்கு முதுகுல ஆபரேஷன். இவங்க ஒரு ஆளு சம்பாத்தியம்." எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஜவுளிக்கடையில் நாற்காலி வருவது நின்றது. ஆனால் காய்கறிக்காரம்மா கேட்காமலேயே ஒரு கைப்பிடி கறிவேப்பிலை கூடுதலாகப் போட்டாள். முழுக்கதையும் தெரிந்தவர்கள் கொஞ்சம் இரக்கமாகத்தான் இருந்தார்கள்.

ஒருநாள் வங்கி மேலாளர் கிருபாகரன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். தங்கமான மனிதர். எல்லோரையும் அக்கா, அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, எதுக்கு இதைத் தூக்கிச் சுமக்கீங்க? ஒரே தடவையா அறுபது சதவீதம் கட்டிருங்க. மிச்சத்தை நாங்க தள்ளுபடி பண்ணிருதோம். கடன் தீர்ந்தது."

வேலாயுதத்தின் பி.எஃப். பணம் அப்போதுதான் வந்திருந்தது. அப்படியே கொண்டுபோய்க் கட்டினாள். 'தீர்வு செய்யப்பட்டது' என்று முத்திரை குத்திய கடிதத்தைக் கிருபாகரன் இரண்டு கையாலும் நீட்டினார். கேஷியர் எழுந்து வந்து ஆளுக்கொரு கடலை மிட்டாய் கொடுத்தார். அன்றைக்குச் சண்முகலதா நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை மளிகைக்கடைக்குப் போனாள். வாசலில் நின்ற வரலாறு அவளைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு கிளம்பிப் போயிற்று. கடைக்காரர் அருணாசல அண்ணாச்சி அரிசி மூட்டைக்குப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.

"என்ன அண்ணாச்சி, ஒரு மாதிரி பாக்கீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. உங்காளு வந்துச்சு. 'கடனைத் தீர்த்துட்டாங்க, ஆனா'ன்னு சொல்லிச்சு. அதோட வெளிய போயிட்டு."

"ஆனா?"

"அதைத்தான் நானும் கேக்கேன். ஆனா என்னம்மா?"

 சண்முகலதா துவரம் பருப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து எல்லா இடத்திலும் அதே வாக்கியம்தான். கடனைத் தீர்த்துட்டாங்க, ஆனா. கேட்டவர்கள் மிச்சத்தைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். காய்கறிக்காரம்மா ஏதோ போலீஸ் சமாச்சாரம் என்று முடிவு செய்து கறிவேப்பிலையை நிறுத்தினாள். நாத்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போனபோது, சண்முகலதா படி ஏறுவதற்குள் வெள்ளிக் குத்துவிளக்கு உள்ளறைக்குப் போயிருந்தது. கட்டாமல் இருந்த காலத்தில் அவளை நம்பியவர்கள், கட்டிய பிறகு நம்பவில்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஒரு வாக்கியத்தை 'ஆனா'வில் நிறுத்தினால் யாருக்குத்தான் பயம் வராது?

அந்தச் சமயத்தில்தான் பிருந்தாவுக்குத் திருநெல்வேலியில் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்தது. அப்பாவின் முதுகைப் பிடித்துவிட்டுப் பிடித்துவிட்டு அவளுக்கு அந்தப் படிப்பின்மேல் ஆசை வந்திருந்தது. இருபது நாளைக்குள் பணம் கட்ட வேண்டும். சண்முகலதா புருஷனையும் அழைத்துக்கொண்டு கல்விக் கடன் கேட்க வங்கிக்குப் போனாள். இருவரும் கிருபாகரனுக்கு எதிரே உட்கார்ந்தார்கள்.

"உங்க வரலாறு இப்பத்தான் வந்துட்டுப் போச்சுக்கா," என்றார் அவர். "'ஆனா'ங்குதாங்க. அதுக்கு மேல நான் எப்படி நம்பிக் குடுப்பேன்?"

"நீங்கதான சார் தீர்த்துக்கிடச் சொன்னீங்க?"

"தீர்த்தது ரொம்ப நல்ல காரியம்க்கா. அதனாலதான் குடுக்க முடியலை."

"இப்படி எத்தனை நாளைக்கு இருக்கும்?"

"ஏழு வருஷம். வேணும்னா வீட்டுக்காரர் பேர்ல கேட்டுப் பாருங்க. அவரைக் கூட்டிட்டு வாங்க."

வேலாயுதம் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். அவன் வாழ்நாளில் கடனே வாங்கியதில்லை. ஆகவே அவனுக்கு வரலாறு கிடையாது. வரலாறு இல்லாதவர்கள் வங்கிக்காரர்களின் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள்.

"இந்தா இருக்கேன் சார்," என்றான் வேலாயுதம்.

"அவர் வந்ததும் சொல்லுங்க," என்றார் கிருபாகரன் சண்முகலதாவிடம்.

மறுநாள் அவள் கடை திறக்கவில்லை. எங்கும் போகவும் இல்லை. எங்கும் போகாதவளுக்கு முன்னால் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல், பதினொரு மணிவாக்கில் வரலாறு வீட்டுக்கே வந்தது. சண்முகலதா கதவைத் திறந்து, உள்ளே வரச்சொல்லி, காபி போட்டுக் கொடுத்தாள். இத்தனை வருடத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தது அன்றுதான். வரலாற்றின் குதிகால் இரண்டும் வெடித்திருந்தன. அதைப் பார்த்ததும், திட்டுவதற்காக வைத்திருந்த வார்த்தைகள் சண்முகலதாவின் வாயில் வரவில்லை.

"மிச்சத்தையும் சொல்லிரலாம்ல?" என்றாள்.

"என்கிட்ட இல்லம்மா. நீங்க அறுபது பங்கு கட்டினீங்க. வாக்கியத்துலயும் அறுபது பங்குதான் குடுத்தாங்க. மிச்சம் தள்ளுபடி."

"அதுல என்ன இருந்துச்சுன்னாவது தெரியுமா?"

"தெரியாதும்மா." வரலாறு காபி டம்ளரைக் கீழே வைத்தது. "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. 'ஆனா'ன்னு சொல்லிட்டு எல்லாரும் என் வாயையே பாக்கும்போது, மேல ஒண்ணுமில்லாம திரும்பி நடக்கது இருக்கே, அது உங்களுக்குத் தெரியாது."

பிருந்தா உள்ளேயிருந்து வெந்நீரும் எண்ணெயும் கொண்டுவந்து வரலாற்றின் காலைப் பிடித்துவிட்டாள். அன்று சாயங்காலமே சண்முகலதா எட்டயபுரத்துக் கடைக்காரர் ஒருவரை வரவழைத்துக் கலர் மெஷினை விற்றாள். அது இருந்த மூலை வெள்ளையாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் கடையைப் பூட்டினாள்.

பணத்தோடு வங்கிக்குப் போனதும் கிருபாகரன் சங்கடப்பட்டார்.

"தள்ளுபடி பண்ணின மிச்சத்தைக் கட்டணுமா? அந்தக் கடன்தான் இப்ப இல்லியேக்கா. இல்லாத கடனுக்கு நான் எப்படிப் பணம் வாங்க?"

"இருக்கும்படி பண்ணுங்க சார்."

அதற்கும் ஒரு விண்ணப்பம் இருந்தது. அவள் கடன்பட்டவள்தான் என்று இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். நாத்தனாரும் அருணாசல அண்ணாச்சியும் யோசிக்காமல் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து, வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கடன் மறுபடியும் உண்டாகும் என்றும், பதினொன்று பத்துக்கு அவள் அதைக் கட்டலாம் என்றும் கடிதம் வந்தது.

வியாழக்கிழமை அவள் கிருபாகரனுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று அடித்ததும் அவர் முகம் மாறியது.

"என்னம்மா நினைச்சுட்டு இருக்கீங்க?" என்று மேஜையைத் தட்டினார். "வாங்கும்போது இனிச்சுதோ? போன் பண்ணினா எடுக்கது கிடையாது. எப்பத்தான் கட்டப்போறீங்க?"

"பத்து நிமிஷத்துல கட்டிருதேன் சார்," என்றாள் சண்முகலதா.

"இப்படித்தான் எல்லாரும் சொல்லுதாங்க."

வரிசையில் நின்றவர்கள் அவளையே பார்த்தார்கள். பத்து நிமிடமும் அவர் விடவில்லை. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பதினொன்று பத்துக்குப் பணக்கட்டைக் கேஷியரிடம் கொடுத்துத் திரும்பினாள். கிருபாகரன் எழுந்து நின்றிருந்தார்.

"உக்காருங்கக்கா. தண்ணி குடிக்கீங்களா? வெயில்ல வந்திருக்கீங்க."

இந்த முறை கடிதத்தில் 'முழுவதும் செலுத்தி முடிக்கப்பட்டது' என்று இருந்தது. வரலாற்றுக்கும் பாக்கி வாக்கியம் அன்றே கிடைத்துவிட்டது. மறுநாள் மளிகைக்கடையில் அது நிமிர்ந்து நின்று சொன்னது: "கடனைத் தீர்த்துட்டாங்க, ஆனா யாரும் கேக்காமலே மிச்சத்தையும் கட்டிட்டாங்க."

அருணாசல அண்ணாச்சி இப்போது இன்னும் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார்.

"யாரும் கேக்காமலேயா?" என்றார் சண்முகலதா வந்ததும். "உடம்புக்கு ஒண்ணும் இல்லியே தாயி?"

கல்விக் கடனுக்குப் போனபோது கிருபாகரனும் வெகுநேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். கேட்காத பணத்தைக் கட்டுகிற ஆள் நாளைக்கு என்ன செய்வாள் என்று யாரால் சொல்ல முடியும்? ஆனாலும் விதிப் புத்தகத்தில் வாக்கியம் முடிந்திருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. என்ன வாக்கியம் என்று இல்லை.

"முற்றுப்புள்ளி இருக்குல்லா, அது போதும்," என்று கையெழுத்துப் போட்டார்.

பிருந்தா கடைசி நாளில் பணம் கட்டித் திருநெல்வேலிக்குப் போனாள். சண்முகலதா பஸ் மறையும்வரை நின்றாள். பிறகு கடைக்கு வந்து பட்டா நகல்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டிருந்தாள். கலரில் வேண்டும் என்று வந்தவர்களைப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பினாள். வருத்தம் இருந்தது. ஆனால் மகள் ராத்திரி போனில் எலும்புகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது அது கொஞ்சம் குறைந்தது.

ஒரு மாதம் கழித்து வங்கியிலிருந்து கடிதம் வந்தது. பத்து நிமிடக் கடனுக்குத் தவறுதலாகப் பதினொரு நிமிட வட்டி பிடித்துவிட்டார்களாம். ஏழு ரூபாய் அவளுக்குத் தர வேண்டியிருக்கிறது, முப்பது நாளில் தந்துவிடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். முப்பது நாள் ஆயிற்று. தொண்ணூறு நாளும் ஆயிற்று.

ஒரு திங்கட்கிழமை மதியம், சஃபாரி சூட் போட்ட பெரியவர் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"அறுபத்தொரு வருஷமா நல்லா நடந்துட்டு வர்ற ஸ்தாபனம்," என்றார். "ஏழு ரூபா பாக்கி. மூணு மாசமா இழுக்கு."

சொல்லிவிட்டு வெளியே போய் வாசலோரம் நின்றார். சண்முகலதா கடைக்கு முன்னால் நின்ற ஸ்கூட்டரை நகர்த்தி வைத்தாள்.

ஐந்து நிமிடம் கழித்து, தாலுகா ஆபீஸ் முக்கு திரும்பி வங்கி வந்தது. கரண்டுக் கம்பியில் போர்டு உரசாமல் இருக்கக் கொஞ்சம் குனிந்து வந்தது. உள்ளே நாற்பத்திரண்டாம் நம்பர் டோக்கனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடை வாசலுக்கு வந்ததும் வங்கி தயங்கி நின்று, தொண்டையைச் செருமியது.

"ஓரமா நில்லுங்க," என்றாள் சண்முகலதா. "முன்னால ரெண்டு பேரு இருக்காங்க."