புகையில்லாத வண்டி

பழக் கிடங்கில் முதலில் கைவண்டிதான் இருந்தது. அப்புறம் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் டீசல் ஃபோர்க்லிஃப்ட் வண்டி வந்து, சுமைக்காரர்களின் முதுகைக் காப்பாற்றிப் பெட்டிகளில் கரி பூசியது. கடைசியில் முதலாளி கேஸில் ஓடும் வண்டியை வாங்கினார். முதுகில் சிலிண்டரைச் சுமந்துகொண்டு குளிர் அறைக்குள் போய் வந்தது. பொட்டுப் புகை கிடையாது. அதை ஓட்டியவன் பேக்கிங் மேற்பார்வை பார்த்த அக்காவின் சொந்தத் தம்பி. பெருமையில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரமே உள்ளே வேலை பார்த்தவர்களுக்குத் தலைவலி ஆரம்பித்தது. இரண்டு பெண்கள் வாந்தி எடுத்தார்கள். அக்காவின் சந்தேகம் நேராக, கிடங்கு வாசலில் டீ போடும் டீக்காரர் மேல் விழுந்தது. ஆறின டீ என்று எல்லார் முன்னாலும் அவள் திட்டியதிலிருந்து அந்த மனுஷன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"பால்ல என்னத்தக் கலக்குறீங்க?"

"நானும் அதைத்தானேம்மா குடிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே."

"அதான் சந்தேகமே!"

யாரும் டீ குடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டாள். பெட்டிகளுக்குப் பின்னால் நின்று அவரையே நோட்டம் விட்டாள். தலைவலி மட்டும் விட்டபாடில்லை.

ஒருநாள் வண்டி பழுதுபார்க்கப் போனது. பழைய கைவண்டியில் பெட்டிகளை இழுத்து எல்லாருக்கும் இடுப்பு ஒடிந்தது. தலை மட்டும் வலிக்கவில்லை. "இன்னிக்கு டீயும் குடிச்சோம்க்கா, திட்டாதீங்க" என்றாள் ஒருத்தி தயங்கி. அக்காவுக்குச் சுருக்கென்றது.

வண்டிதான் காரணமோ என்று வீட்டில் தம்பியிடம் சொன்னாள். அவன் சிரித்தான். "இத்தனை நாளா மனுஷங்க மேலதான் சந்தேகம். இப்ப இரும்பு மேலயுமா?"

மறுநாள் காலை வண்டி திரும்பி வந்தது. குளிர் போகாமலிருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு அவன் உள்ளே போனான். வெகுநேரம் கழித்தும் இன்ஜின் ஒரே இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது. அக்கா கதவைத் தள்ளினாள். ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து கிடந்தான். அவள் போட்ட கூச்சலில் டீக்காரர்தான் முதலில் ஓடிவந்தார். சாவியைத் திருகி அணைத்து, அவனை அக்குளில் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்.

இன்ஜினில் கேஸ் சரியாக எரியாமல் கிளம்பிய நச்சுக்காற்று, நிறமும் வாசனையும் இல்லாதது, மூடிய அறையில் தேங்கியிருக்கிறது என்றார் டாக்டர். வண்டியை வெளி முற்றத்துக்கு மாற்றிவிட்டு, உள்ளே ஓடப் பேட்டரி வண்டிக்குச் சொல்லிவிட்டார் முதலாளி.

சாயந்தரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் டீக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பையன் முழிச்சுட்டானா?"

"முழிச்சுட்டான்ணே. முழிச்சதும் வண்டிக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.