திறக்காத பக்கம்

ஜீப்பின் பக்கத்து இருக்கைக் கதவு திறக்க மாட்டேன் என்றது. வாய்க்கு வந்தபடி அதைத் திட்டினேன். மதியப் பேருந்தில் டெட்ராய்ட்டிலிருந்து என் மகள் அய்லி வருகிறாள். தன் அம்மாவின் அடக்கத்துக்கு வந்து போனவள், இரண்டு குளிர்காலம் கழித்து இப்போதுதான் வருகிறாள்.

தொலைபேசியில் அவள் கேட்கும்போதெல்லாம், ஞாயிறுதோறும் யாராவது என்னோடு மீன் பிடிக்க வருகிறார்கள், ஜீப்பில் அந்த இருக்கை காலியாக இருப்பதே இல்லை என்று அளந்துவிட்டிருந்தேன். உண்மை தெரிந்தால் வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்வாள். எனக்கு இந்த ஏரிக்கரையை விட்டால் வேறு ஊர் கிடையாது.

எதிர்வீட்டு வெய்னோ வந்து கீல்களைப் பார்த்தான். பனிக்காலம் முழுக்க பனி உருக எங்கள் சாலைகளில் உப்பைக் கொட்டுவார்கள், அது இரும்பை அரிக்கும். அதனால் இலை உதிரும்போதே வண்டியின் அடியிலும் கீல்களிலும் பழைய எஞ்சின் ஆயிலைப் பூசிவைப்பது இங்கே எல்லோருக்கும் வழக்கம். நானும் பூசினேன், என் பக்கத்துக் கதவுக்கு மட்டும். அதுதான் முனகியது. சத்தமே போடாத கதவுக்கு எதற்கு என்று மற்றதை விட்டுவிட்டேன்.

"யோவ் ரூபன், திறந்தாத்தானய்யா முனகும்," என்றான் வெய்னோ.

எனக்குச் சுருக்கென்றது.

துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டோம். அசையவில்லை. கீலில் தீயைக் காட்டிச் சூடேற்றி, சுத்தியலால் மெல்லத் தட்டி, மறுபடி எண்ணெய் விட்டோம். பெயின்ட் கருகி உரிந்தது. கடைசியில் கதவு ஒரு விரல் அளவு விலகியது, செங்கல் தூள் மாதிரி துரு கொட்டியது. முழுதாகத் திறக்கும்வரை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தோம்.

நான் மகளிடம் அளந்ததை வேலைக்கு நடுவே அவனிடம் சொல்லியிருந்தேன். அவளிடம் தானும் மீன் பிடிக்க வருவதாகச் சொல்லவா என்று வெய்னோ கேட்டான். சொல்லு என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே, "நீ ஒரு தடவ கூப்பிட்டிருந்தா நெசமாவே வந்திருப்பேன்யா," என்றான்.

பேருந்து நிலையத்தில் அய்லி ஒரே இழுப்பில் கதவைத் திறந்து ஏறினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வழியில் எதிரே வந்த இன்னொரு ஜீப்காரன், முன்பின் தெரியாவிட்டாலும் ஜீப் ஓட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் கை காட்டும் வழக்கப்படி, கை காட்டினான். நானும் காட்டினேன். பார்த்தாயா எத்தனை பேரைத் தெரியும் என்று ஆரம்பித்தேன்.

அவள் தன் கண்ணாடியை வைக்கக் கதவுப் பைக்குள் கையை விட்டாள். கறுப்புக் கம்பளிக் கையுறை ஒன்று வந்தது.

"அப்பா, இது என்னோடது. அம்மாவ அடக்கம் பண்ணின அன்னிக்குத் தொலைச்சேன்."

நான் சாலையைப் பார்த்தே ஓட்டினேன்.

"வாராவாரம் யாரோ வர்றாங்கன்னு சொன்னியேப்பா. ஒருத்தர்கூடவா இத எடுத்துப் பாக்கல?"

சொல்வதற்கு என்னிடம் ஒரு பொய்யும் மிச்சமில்லை.

"இந்தக் கதவு இன்னிக்குத்தாம்மா திறந்துச்சு."