துரை வீட்டில் ஓடிப்போனது யார்?

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பம்பு, குழாய், பூட்டு என்று எதையும் ரிப்பேர் பார்த்துக்கொடுக்கும் குத்புதீனை அன்றைக்குப் பொன்னம்மாள் வந்து கூப்பிட்டது ரிப்பேருக்காக அல்ல, பிரெஞ்சுக்காக.

“பாய், சீக்கிரம் வாங்க. தொரை கத்துறாரு. என்னா ஏதுன்னு ஒண்ணும் புரியல. நீங்கதான் அந்தப் பாஷை பேசுவீங்களே!”

உப்பளத்து ஓரமாக இருந்த சிவப்பிரகாசத்தின் மாடிவீட்டில் ஆறு மாதமாக ஒரு பிரெஞ்சுத் தம்பதி குடியிருந்தார்கள். ஏரிக்கு வரும் பறவைகளை எண்ணுவதற்காக வந்தவர் துரை ழெரார். அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தையும் தெரியாது. அவர் மனைவி மோனிக் கொஞ்சம் பேசுவார். பொன்னம்மாள் அங்கே சமையல் வேலை பார்த்தாள்.

குத்புதீனுக்குப் பிரெஞ்சு ஒட்டிக்கொண்டது பாண்டிச்சேரிக் கோர்ட்டில். வெள்ளைக்காரன் இருந்த காலத்தில், பதினெட்டு வயதில், கோட்டக்குப்பத்திலிருந்து தினமும் நடந்துபோய் அங்கே நாலு மாதம் ஜன்னல் கதவுகளைச் சரிபண்ணினார். கை சுத்தியலைப் பிடித்திருந்தாலும் காது உள்ளே நடந்த விசாரணையில்தான் இருந்தது. சாட்சி, சத்தியம், குற்றவாளி, தண்டனை எல்லாம் அவருக்குப் பிரெஞ்சில் அத்துப்படி. 1973இல் மரக்காணத்தில் வேறு யாருக்கும் அதுகூடத் தெரியாது.

அவர் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு கிளம்பினார். கருவிப் பையைக் கடையிலேயே விட்டுவிட்டார். பேசப் போகிறவருக்கு ஸ்பேனர் எதற்கு?

குழாய்க்காரரே நேரில் வந்து நிற்பதைப் பார்த்ததும் துரையின் முகம் மலர்ந்துவிட்டது. மாடியைக் கைகாட்டி, “ஃபுயித்! ஃபுயித்!” என்றார்.

குத்புதீனுக்குத் திக்கென்றது. அந்த வார்த்தையைக் கோர்ட்டில் நூறு தடவை கேட்டிருக்கிறார். பேர் சொல்லிக் கூப்பிட்டு ஆள் வரவில்லையென்றால் டவாலிச் சேவகன் அதைத்தான் சொல்வான். ஆள் ஓடிப்போய்விட்டான் என்று அர்த்தம்.

“பொன்னம்மா, அம்மா எங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

“காலைல பஸ் ஏறிப் போனாங்க. பெரிய பையோட. என்கிட்ட ஒண்ணும் சொல்லல.”

“சண்டை கிண்டை?”

“நேத்து சாயங்காலம் ரெண்டு பேரும் கத்திக்கிட்டாங்க. ஏன் பாய்?”

“ஓடிப்போயிட்டாங்களாம்.”

பொன்னம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

குத்புதீன் துரையைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். துரை திகைத்துப்போய் மறுபடி மாடிப் பக்கம் கைகாட்டினார். பிறகு குத்புதீனின் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்தார்.

“இந்த நேரத்துல இவர மாடிக்கு விடக்கூடாது,” என்று சொல்லி, குத்புதீன் அவரை நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்தார். கோர்ட்டில் ஜட்ஜ் அடிக்கடி சொன்ன இன்னொரு வார்த்தை நல்லவேளையாக ஞாபகம் வந்தது. “பசியான்ஸ், முசே. பசியான்ஸ்.”

பொறுமையாக இருக்கச் சொல்கிறார் என்பது துரைக்குப் புரிந்தது. ஏதோ சாமான் வரவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். எப்போது வரும் என்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பாண்டியிலிருந்து மூணு மணிக்கு ஒரு பஸ் உண்டு. அதில் அம்மா மனசு மாறித் திரும்பி வரலாம் என்று குத்புதீன் மூன்று விரலைக் காட்டினார். துரை தலையாட்டிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

பொன்னம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். சேதி கேட்டு அக்கம்பக்கத்தார் வந்து கூடினார்கள். வீட்டுக்காரர் சிவப்பிரகாசம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். அவரிடமும் துரை மேலே கைகாட்டினார். சிவப்பிரகாசம் மேலே பார்த்துக் கும்பிட்டார்.

“ஆமாங்க, எல்லாம் அவன் பாத்துப்பான்.”

மூணு மணி பஸ்ஸில் மோனிக் வந்து இறங்கினார். பையில் உருளைக்கிழங்கும் ரொட்டியும் துணி சோப்பும். வாசலில் செருப்புக் கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“என்ன ஆச்சு? ழெரார் எங்கே?”

“நல்லா இருக்காரும்மா,” என்று பொன்னம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “திரும்பி வந்துட்டீங்களே, அது போதும். இனிமே சண்ட போட்டுக்கிட்டு ஓடிப்போகாதீங்க.”

“ஓடி? நான் கடைக்குப் போனேன்! யார் சொன்னது?”

“தொரைதாங்க சொன்னாரு,” என்றார் குத்புதீன். “ஃபுயித்னு.”

மோனிக் வாயைத் திறந்தார். அதற்குள் மாடிப்படியில் தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து கூடத்தில் பரவியது. சிவப்பிரகாசம் காலைத் தூக்கிக்கொண்டார்.

“இதுதான் ஃபுயித்!” மோனிக் தண்ணீரைக் காட்டினார். “குழாய் ஒழுகுது! நேத்து சண்டையும் இதுக்குத்தான். ஆள் கூப்பிடு, ஆள் கூப்பிடுன்னு நான் சொல்லிச் சொல்லி...”

குத்புதீனுக்கு உடம்பு கூசிப்போனது. தண்ணீர் ஓடிப்போவதற்கும் அதே வார்த்தையா! குழாய் ரிப்பேருக்கென்றே கடை வைத்திருப்பவர், தண்ணீர் ஒழுகும் வீட்டில் அரை நாள் வாடிக்கையாளரின் கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். கடையிலிருந்து கருவிப் பையை எடுத்துவர அவர் ஓடிய ஓட்டத்தில் தொப்பி வாசலிலேயே விழுந்துவிட்டது.

உப்புக்காற்று குழாயின் இணைப்பை அரித்திருந்தது. டேங்க் வால்வை மூடி, இணைப்பைக் கழற்றி, சணலைச் சுற்றிப் புதுசாக மாட்ட அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மோனிக் பக்கத்தில் நின்று தண்ணீரைத் துடைத்து வாளியில் பிழிந்துகொண்டிருந்தார்.

“பாய், ஒண்ணு கேட்கணும். நான் ஓடிட்டேன்னு நினைச்சீங்களே, அப்போ ழெரார் எப்படி இருந்தார்? அழுதாரா?”

வேலைக் கவனத்தில் குத்புதீன் உண்மையைச் சொல்லிவிட்டார். “இல்லீங்க, நல்லாத்தான் இருந்தாரு. பதினோரு பஜ்ஜி சாப்பிட்டாரு.”

மோனிக் துணியை வாளியில் போட்டுவிட்டுக் கீழே போனார். கொஞ்ச நேரத்தில் கூடத்திலிருந்து அவர் குரல் உயர்ந்தது. நடுநடுவே துரை கெஞ்சுவது கேட்டது. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கும் சத்தம் வந்தது.

பொன்னம்மாள் படியேறி வந்து கிசுகிசுத்தாள். “பாய், என்னா பேசிக்கிறாங்க?”

குத்புதீன் ஸ்பேனரை இன்னும் ஒரு திருகு திருகினார்.

“நீ போய் அந்த வால்வத் தொறந்து விடும்மா. சொட்டுதான்னு பாக்கணும்.”