ராசிங்காபுரத்துக் கிணற்றின் மையக்கல்

1983 தை மாதத்தில் ராசிங்காபுரம் சுந்தரம்மாளின் வட்டக் கிணறு ஆறு மூலைக் கிணறாக மாறியது. காரணம் சர்வேயர் காசிமாயன். போடியிலிருந்து நிலம் அளக்க வந்தவன், கிணற்றைச் சுற்றி ஆறு புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு இழுத்து, படத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டான். மறுநாள் காலை, கோட்டுக்கு வெளியே விடுபட்ட ஆறு துண்டும் கெட்டி மண்ணாகி, அதில் புல்கூட முளைத்திருந்தது. போனது கொஞ்ச இடம்தான். ஆனால் மேற்குத் துண்டில்தான் ஊற்றுக்கண் இருந்தது. பம்புசெட்டு அரைமணி நேரம் ஓடிவிட்டுக் காற்றைக் குடித்தது. காய் பிடிக்கிற நேரத்தில் இரண்டு ஏக்கர் பருத்தியும் வாடி நின்றது.

காசிமாயன் நல்லவன்தான், நேர்கோட்டைத் தவிர வேறு கோடு அறியாதவன், அவ்வளவே. அந்த வாரம் போடிமெட்டு மலைப்பாதையையும் அவன்தான் படத்தில் ஏற்றியிருந்தான். வளைவெல்லாம் முழங்கை மாதிரி மடங்கிப்போக, ஏலக்காய் லோடு ஜீப்புகளை ஆட்கள் இறங்கிப் பின்பக்கம் தூக்கித் திருப்பிவைத்துப் போனார்கள்.

சுந்தரம்மாள் அவனை விடவில்லை, ஆள் அனுப்பிக் கூட்டிவந்தாள். வெட்கத்தோடு வந்தவன் பன்னிரண்டு புள்ளி வைத்தான். கிணறு பன்னிரண்டு மூலையாகி ஒரு சாண் தண்ணீர் ஏறியது. இருபத்துநாலு வைத்தான், நாலு விரல் ஏறியது. நாற்பத்தெட்டுக்கு ஒரு விரல். ஊற்றுக்கண் எட்டிப் பார்த்ததே தவிர, வெளியே வரவில்லை.

"எத்தன மூல வச்சாலும் வட்டம் வராது தம்பி. கெணறு வெட்டுன அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு நடுவுல முளையடிச்சு, கயித்தக் கட்டிச் சுத்தி வந்தாரு. அம்புட்டுத்தான் சோலி. அத எழுதேன்" என்றாள் சுந்தரம்மாள்.

"ஃபாரத்துல அதுக்குக் கட்டமே இல்லயே, ஆத்தா."

"கட்டம் இல்லாட்டி ஓரத்துல எழுது. வெரசா எழுது, பருத்தி காயுது."

நாற்பத்தெட்டுப் புள்ளியையும் அழித்துவிட்டு, ஓரத்தில் எழுதினான்: 'மையக்கல் ஒன்று. அங்கிருந்து சுற்றிலும் ஐந்து மீட்டர்.' மை காய்வதற்குள் கிணறு வட்டமானது. தண்ணீர் மூன்றாம் படிவரை ஏறியது. நட்டநடுவில், தண்ணீரின் மேல், ஒரு சர்வே கல் அசையாமல் நின்றது. தன் கையால் ஒரு கோடு முதன்முறையாக வளைந்த சந்தோஷத்தில் காசிமாயனுக்குக் கண் கலங்கிவிட்டது. மலைப்பாதை வளைவுகளையும் அப்படியே திருத்தி எழுதினான். அவற்றின் மையம் பள்ளத்தாக்குக்கு மேலே விழுவதால், அந்தக் கற்கள் அந்தரத்தில் நிற்கின்றன. குரங்குகள் அவற்றில் உட்கார்ந்து பேன் பார்க்கும்.

1986இல் மேலதிகாரி சரிபார்க்க வந்தார். படத்தில் உள்ள கல் இடத்தில் இல்லையென்றால் படம் ரத்து; கிணற்றுக்குப் பழையபடி ஆறு மூலை, பருத்திக்குப் பழையபடி பட்டினி. சுந்தரம்மாள் சேலையை வரிந்து கட்டி, அளவுச் சங்கிலியின் நுனியைப் பிடித்துக்கொண்டு கல்வரை நீந்திப் போனாள். நாலு பக்கமும் அளந்தார்கள். நாலும் ஐந்து மீட்டர். அதிகாரி கல்லை ஆட்டிப் பார்க்கச் சொன்னார். அது ஆடவில்லை.

"கல்லுக்கு ஏன் இன்னும் சுண்ணாம்பு அடிக்கல?" என்று கேட்டார்.

"ஈரம் காயட்டும்னு விட்டுருக்கோம், அய்யா" என்றாள் சுந்தரம்மாள் தண்ணீருக்குள்ளிருந்து.

அது நியாயமாகப் பட்டதால், அவர் கையெழுத்துப் போட்டார்.